பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ஃபார்மட் கேட்கிறது. உள்ளே இருப்பதை எடுக்க வழி உண்டா?

1. செவ்வந்தி

வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் கிடக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றுவதில்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். 3.5 அங்குல டிஸ்க், லேபிளில் 80 ஜிபி என்று இருக்கிறது. சாட்டா இல்லை, இரண்டு வரிசையாகப் பின் உள்ள அந்த அகலமான பழைய ஐடிஇ இணைப்பு.

அம்மா பல வருடமாக டைப் செய்து வைத்த கதைகள், குடும்பப் படங்கள், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்கள் எல்லாம் அதில்தான். வேறு பிரதி கிடையாது.

யுஎஸ்பி அடாப்டர் இரவல் வாங்கி லேப்டாப்பில் செருகினேன். இரண்டு டிரைவ் தெரிகிறது. முதலாவது திறக்கிறது, ஆனால் அம்மா பெயரில் உள்ள ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்று சொல்லி 'தொடர்' பட்டனைக் காட்டுகிறது. இரண்டாவது டிரைவ், பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்கிறது. இரண்டையும் ரத்து செய்துவிட்டுக் கழற்றிவிட்டேன். சுற்றும் சத்தம் சீராகத்தான் இருந்தது.

இன்னொரு சந்தேகம்: லேபிளில் 80 என்று இருக்கிறது, லேப்டாப்பில் கூட்டிப் பார்த்தால் 74.5 தான் வருகிறது. மீதி எங்கே?

2. கம்பிச்சுருள்

கழற்றியது நல்ல வேலை. அந்த இரண்டு பட்டனையும் இனிமேலும் தொடாதீர்கள்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எதுவும் காணாமல் போகவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள். விண்டோஸ் 1024 × 1024 × 1024 என்று பெருக்கி அதையும் ஜிபி என்றே சொல்கிறது. 80 அங்கே 74.5 ஆகிவிடுகிறது.

இனி விஷயம். மறுபடி செருகுவதற்கு முன் சொல்லுங்கள்: சுற்றும்போது 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறதா? வந்தால் உடனே பவரை நிறுத்திவிட வேண்டும். படிக்கும் ஹெட் பழுதாகி இருந்த இடம் தேடி அலைகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த மென்பொருளும் உதவாது, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டக்கூடும். நேராகத் தரவு மீட்பு ஆய்வகம்தான்.

அப்புறம் அடாப்டர். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட். அதனால் தனி பவர் செங்கல் கட்டாயம். அதிலிருந்து வரும் நாலு ஓட்டை வெள்ளை மோலெக்ஸ் இணைப்பைக் கவனித்துச் செருகுங்கள். ஒரு பக்கம் இரண்டு மூலைகள் சாய்வாகச் சீவியிருக்கும், டிஸ்க்கிலும் அப்படியே. மலிவு அடாப்டர்களில் அந்தப் பிளாஸ்டிக் மெல்லியது, அழுத்தினால் தலைகீழாகவும் போய்விடும். போனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 பாய்ந்து சர்க்யூட் போர்டு கருகும். ஜம்பர் (பின்களின் மேல் செருகும் சின்ன மூடி) மாஸ்டர், அதாவது முதன்மை டிஸ்க் என்ற நிலையில் இருக்கட்டும். படம் டிஸ்க் லேபிளிலேயே இருக்கும்.

3. வேகத்தடை

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? கமாண்ட் விண்டோவைத் திறந்து, டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட விடுங்கள். ஃபார்மட் கேட்ட எத்தனையோ பென் டிரைவ் எனக்கு அப்படித்தான் சரியாகியிருக்கிறது.

4. கம்பிச்சுருள்

@வேகத்தடை, பென் டிரைவில் இருந்தது எங்கேயோ இன்னொரு பிரதி உள்ள பாட்டுகள் என்றால் சரி. இங்கே வேறு பிரதியே இல்லை.

செக்டிஸ்க்கின் வேலை உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது இல்லை. கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே என்று டிஸ்க் வைத்திருக்கும் கணக்கை, முரண்பாடு இல்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை. ஒரு ஃபோல்டரின் பதிவு படிக்க முடியாமல் இருந்தால், 'இது செல்லாது' என்று வெட்டிவிட்டு, அனாதையான துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டருக்குள் எண் போட்டுக் குவிக்கும். முரண்பாடு தீர்ந்தது, அதன் கணக்கில் வெற்றி. உங்கள் கணக்கில் பெயரும் இடமும் போன துண்டுகள். அதைவிட மோசம், இதையெல்லாம் பழைய டிஸ்க்கின் மீதே எழுதும். திருப்பி எடுக்க முடியாது.

முதலில் பிரதி, பிறகுதான் பழுதுபார்ப்பு. எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்பதைவிட இந்த வரிசைதான் பெரிது. பிரதியின் மேல் செக்டிஸ்க்கை ஆசை தீர ஓட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவே மாட்டேன்.

5. நூலகப்பூனை

அனுமதி இல்லை என்று வரும் ஃபோல்டர் பற்றி. அது பெரிய பூட்டு இல்லை, செவ்வந்தி. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'யார் உரிமையாளர்' என்று எழுதி வைத்திருக்கும். பழைய விண்டோஸில் இருந்த உங்கள் அம்மாவின் கணக்கு புதிய லேப்டாப்புக்கு யாரோ எவரோ, அதனால் மறுக்கிறது. 'தொடர்' அழுத்தினால் உங்கள் பெயரை உரிமைப் பட்டியலில் சேர்த்துவிடும். பார்க்க நல்லதுதான், ஆனால் அதற்காக அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பதிவையும் திருத்தி எழுதும். ஏற்கெனவே பாதி தடுமாறும் டிஸ்க்கில் அத்தனை எழுத்து வேலை வேண்டாம். லினக்ஸில் படித்தால் இந்த உரிமைப் பட்டியலை யாரும் கேட்பதில்லை, நேராகத் திறக்கும்.

ஒரே ஒரு விஷயம்தான் உண்மையான பூட்டு. எக்ஸ்பி புரொஃபெஷனலில் ஒரு கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால், அது குறியாக்கம் செய்யப்பட்டது. அதற்கான சாவி பழைய விண்டோஸின் பயனர் ஃபோல்டருக்குள்தான் இருக்கும், அதைத் திறக்கப் பழைய பாஸ்வேர்டும் வேண்டும். அப்படி இருந்தால் தேவையான கோப்பை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அழித்துவிடாதீர்கள். சி டிரைவ் முழுவதும் வேண்டும்.

6. செவ்வந்தி

நன்றி நண்பர்களே. 'டக் டக்' இல்லை. ஆனால் இரண்டாவது டிரைவைத் தொடும்போது சில வினாடி அப்படியே நின்றுவிட்டுப் பிறகு நகர்கிறது. பச்சைப் பெயர் எதுவும் பார்த்த ஞாபகம் இல்லை, எக்ஸ்பி ஹோம் என்றுதான் நினைக்கிறேன்.

பிரதி என்றால் கோப்புகளை இழுத்து வேறு டிஸ்க்கில் போடுவதா? லினக்ஸ் எனக்குப் புதிது.

7. கம்பிச்சுருள்

எக்ஸ்பி ஹோமில் அந்தக் குறியாக்க வசதியே கிடையாது, ஒரு கவலை விட்டது.

நின்று நின்று நகர்கிறது என்றால் சில இடங்களைப் படிக்க டிஸ்க் மல்லுக்கட்டுகிறது. அதனால் இழுத்துப் போடக் கூடாது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரை இழுத்தால், கெட்டுப்போன ஒரு கோப்பில் முட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். நல்ல கோப்புகள் வரிசையில் காத்திருக்க, டிஸ்க்கின் மிச்ச ஆயுள் அந்த ஒரு கோப்பில் கரையும்.

நமக்கு வேண்டியது டிஸ்க் முழுவதற்கும் ஒரு இமேஜ். முதல் செக்டரிலிருந்து (டிஸ்க் தரவை வைக்கும் சின்னக் கட்டம்) கடைசி வரை, காலி இடம் உட்பட, அப்படியே ஒரே பெரிய கோப்பாக. இதற்கு குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. அதன் அருமை என்னவென்றால், முதல் ஓட்டத்தில் சுலபமாக வருவதை எல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, அங்கே ஒரு குறி வைத்துக்கொள்ளும். நல்லதெல்லாம் பத்திரமான பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்பதெல்லாம் மேப் கோப்பு என்ற சின்ன உரைக் கோப்பில் இருக்கும். கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகி நீங்களே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பு தராமல் ஓட்டினால் இந்த வசதி போச்சு.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்யுங்கள். செருகிய டிஸ்க்கை அது தானாக மவுண்ட் செய்யாது, அதாவது கோப்புகளைத் திறக்கப் பார்க்காது, நமக்கு அதுதான் வேண்டும். டிடிரெஸ்க்யூ, பின்னால் தேவைப்படும் மீட்புக் கருவிகளான டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மூன்றும் உள்ளேயே இருக்கும். உபுண்டுவில்தான் செய்வேன் என்றால் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் தேடுங்கள். ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு கருவியும் உண்டு, அது வேறு.

கட்டளையில் வரிசை முக்கியம்: முதலில் மூலம், அடுத்து இலக்கு, கடைசியில் மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் அம்மாவின் கதைகள் மேல் ஏறும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பி அடிக்காதீர்கள், ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறலாம். டிஸ்க் பட்டியலை எடுத்து அளவை வைத்து உறுதி செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் சிறிய 'என்' தெரிவைச் சேர்த்தால் சுரண்டலை ஒத்திவைக்கும். அது முடிந்ததும் 'என்' இல்லாமல், மூன்று மறுமுயற்சியோடு அதே கட்டளை.

இலக்கு டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருக்கக் கூடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, 80 ஜிபி இமேஜ் பாதி வழியில் நிற்கும். யுஎஸ்பி 2 அடாப்டர் என்றால் வினாடிக்கு 30 எம்பி போலத்தான் வரும். நல்ல பகுதிகள் ஒரு மணி நேரத்தில் முடியலாம். கெட்ட பகுதிக்கு இரவு முழுவதும்கூட ஆகும். பக்கத்தில் ஒரு ஃபேன் வையுங்கள்.

8. ஆறாம்விரல்

படிக்க அடம்பிடிக்கும் டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்பார்களே?

9. நூலகப்பூனை

வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் ஈரம் படியும். பெரும்பாலான டிஸ்க்குகளில் ஃபில்டர் வைத்த காற்றுத் துளை ஒன்று உண்டு, முழுக்க அடைபட்ட டப்பா இல்லை அது. ஹெட் தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கில் மிதக்கிறது. அந்த இடைவெளிக்கு ஒரு நீர்த்துளி மலை. மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பவர்களுக்கும் பதில் இதுதான், நீர்த்துளிக்குப் பதில் தூசி.

10. மின்மினி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) லேப்டாப். நேற்று தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். இதே வழி உதவுமா?

11. கம்பிச்சுருள்

பெரும்பாலும் உதவாது. சுற்றும் டிஸ்க்கில், அழித்த கோப்பின் இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும் வரை பழைய தரவு அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பிவிடும், அதற்குப் பிறகு படித்தால் சுழியம்தான் வரும். கிளவுட் பிரதி, மெயிலில் அனுப்பிய இணைப்பு, ஃபோன் என்று தேடுங்கள். அதில்தான் வாய்ப்பு அதிகம்.

12. செவ்வந்தி

இமேஜ் வந்துவிட்டது! சி டிரைவ் பகுதி முழுமை. இரண்டாவது டிரைவின் ஆரம்பத்திலும் நடுவில் ஓரிடத்திலும் கொஞ்சம் படிக்கவே இல்லை, மொத்தம் சில எம்பிதான். பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

இப்போது இந்த ஒரே கோப்பை எப்படித் திறப்பது? இரண்டாவது டிரைவ் இன்னமும் ஃபார்மட் கேட்குமா?

13. கம்பிச்சுருள்

அருமை. இமேஜுக்கு இன்னொரு பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

சி டிரைவுக்கு ரொம்ப எளிய வழி: விண்டோஸில் செவன்ஜிப் என்ற சுருக்கக் கோப்பு மென்பொருள் இருந்தால் இமேஜ் மேல் வலது கிளிக் செய்து, ஆர்க்கைவ் ஆகத் திறக்கச் சொல்லுங்கள். பகுதிகள் தெரியும், அதற்குள் என்டிஎஃப்எஸ் ஃபோல்டர்களும் தெரியும். அனுமதிக் கேள்வியே வராது. எக்ஸ்பியில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அம்மாவின் பெயரைத் தேடுங்கள்.

இரண்டாவது டிரைவ் ஃபார்மட் கேட்டதற்குக் காரணம், ஆரம்பத்தில் படிக்காமல் போன அந்த இடம். அங்கேதான் பூட் செக்டர் இருக்கும். 'நான் என்டிஎஃப்எஸ், என் அளவு இவ்வளவு, கோப்புப் பட்டியல் இன்ன இடத்தில்' என்று சொல்லும் ஒரே ஒரு செக்டர். அது போனால் விண்டோஸுக்கு எல்லாமே வெற்றிடம். நல்லவேளையாக என்டிஎஃப்எஸ் அதன் நகல் ஒன்றை அதே பகுதியின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க்கில் இமேஜைத் திறந்து, அட்வான்ஸ்ட், பிறகு பூட் என்று போங்கள். பூட் செக்டர் கெட்டது, நகல் நன்றாக இருக்கிறது என்று காட்டினால், நகலை மேலே எழுதும் தெரிவு அங்கேயே இருக்கும். அதன் பிறகு கோப்புப் பட்டியல் வர வேண்டும்.

மெயில்கள் சி டிரைவில்தான் இருக்கும். பயனர் ஃபோல்டருக்குள் லோக்கல் செட்டிங்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் ஐடென்டிட்டீஸ். டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் தெரியும், ஒவ்வொரு மெயில் ஃபோல்டருக்கும் ஒன்று. அன்டிபிஎக்ஸ் என்ற சின்னக் கருவி அவற்றைத் தனித்தனி மெயிலாகப் பிரித்துத் தரும், தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் படித்துக்கொள்ளலாம்.

14. செவ்வந்தி

இரண்டாவது டிரைவும் திறந்துவிட்டது. படங்கள் வந்துவிட்டன, மெயிலும் வந்துவிட்டது.

ஆனால் முக்கியமானது வரவில்லை. அம்மாவின் கதைகள் எல்லாம் வேர்டு கோப்புகள். திறக்கின்றன, பக்க எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது, உள்ளே எல்லாமே குப்பை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வாயில் நுழையாத வரிகள். கெட்ட செக்டரில் மாட்டிக்கொண்டவையா? ஒன்றுவிடாமல் எல்லாக் கோப்புமா கெட்டிருக்கும்?

15. எழுத்துருப்பித்தன்

இது என் பேட்டை, நான் சொல்கிறேன். கெட்ட செக்டர் இப்படிக் கெடுக்காது. டிடிரெஸ்க்யூ படிக்காத இடத்தில் வெறும் சுழியம்தான் இருக்கும், சீரான குப்பை வராது.

வரிக்கு வரி அரைப்புள்ளி என்கிறீர்கள் அல்லவா? அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. யூனிகோட் பரவலாவதற்கு முன்னால் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், அதனால்தான் அரைப்புள்ளியாகக் கொட்டுகிறது. தலையில் கோடு, புள்ளி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்திருந்தால் திஸ்கி, அல்லது 1999இல் வந்த டாம், டாப் குறியேற்றங்களில் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள் அம்மாவின் கதைகள் பத்திரமாக இருக்கின்றன. சி டிரைவ் இமேஜில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்திய அதே எழுத்துரு அங்கேதான் இருக்கும். நிறையப் பேர் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு இணையமெல்லாம் அலைகிறார்கள். எது என்று தெரியாவிட்டால் லிப்ரெஆபிஸில் திறந்து ஒரு வரியில் கர்சரை வையுங்கள். எழுத்துருப் பெட்டியில் சாய்வெழுத்தில் ஒரு பெயர் தெரியும். உங்களிடம் இல்லாத எழுத்துருவை அது அப்படித்தான் காட்டும்.

16. செவ்வந்தி

பாமினியேதான்! நிறுவியவுடன் பக்கம் முழுக்கத் தமிழ். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், முதல் பத்தியிலேயே ஒற்றுப்பிழை கண்டுபிடித்துவிட்டார்.

இதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பத்திப் பத்தியாக மாற்றியில் ஒட்டி எடுக்கலாமா? நடுநடுவே ஆங்கிலச் சொற்களும் இருக்கின்றன.

17. எழுத்துருப்பித்தன்

சிக்கலே அந்த ஆங்கிலச் சொற்கள்தான். திஸ்கியாக இருந்தால் பயமில்லை, அதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதியில் இருக்கும், மாற்றிக்குக் குழப்பம் வராது. பாமினியில் இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலப் பெயரையும் சேர்த்துத் தமிழாக்கி உளறும். வேர்டு கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் என்பது பதிவாகியிருக்கும். அதனால் கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினி இல்லாத பகுதிகளுக்கு முதலில் நிறம் அடித்துவிடுங்கள். மாற்றும்போது அவற்றைத் தவிர்க்கலாம். என்எச்எம் மாற்றி, பொங்குதமிழ் இரண்டுமே பாமினியைப் புரிந்துகொள்ளும்.

மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும் இடங்களில் மாற்றிகள் சறுக்கும், 'கொ' எழுதிய இடத்தில் 'கெ'யும் தனிக்காலும் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும். மூலத்தோடு அந்த எழுத்துருக் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

18. நூலகப்பூனை

ஒரு சேர்க்கை. நடுவில் படிக்காமல் போன இடம் எந்தக் கோப்பைத் தின்றது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டிடிரெஸ்க்யூவில் ஃபில் என்று ஒரு முறை உண்டு. இமேஜின் இன்னொரு பிரதியை எடுத்து, மேப் கோப்பைக் கொடுத்தால், படிக்காத இடங்களில் எல்லாம் நீங்கள் சொல்லும் ஒரு விசித்திரச் சொல்லை எழுதிவிடும். பிறகு கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால், அடிபட்டவை மட்டும் பட்டியலாக வரும். எல்லாக் கதையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

19. செவ்வந்தி

செய்து பார்த்தேன். மாட்டியது ஒரு படமும் ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் கோப்பும்தான், கதைகள் எதுவும் இல்லை! முன்பு அழித்துவிட்ட சில படங்களும் இருந்தன என்று அம்மா சொல்கிறார். அவை வருமா?

20. கம்பிச்சுருள்

அதற்கு ஃபோட்டோரெக்கை இமேஜ் மேல் ஓட்டுங்கள். அது ஃபோல்டர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் கோப்பு எப்படித் தொடங்கும் என்று தெரிந்துகொண்டு, செக்டர் செக்டராகத் தேடி எடுக்கும். அதனால் பழைய பெயர் எதுவும் வராது, செக்டர் எண்ணே பெயராக இருக்கும். 'டி' என்று தொடங்குபவை சிறுபடங்கள், அவற்றை ஒதுக்கிவிடலாம். கேமராவில் எடுத்த படமாக இருந்தால் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், எக்சிஃப்டூல் அந்தத் தேதியையே பெயராக வைத்துத் தரும். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த படங்கள் பாதி சாம்பல் நிறமாக வரும், அவற்றுக்குப் பெரிதாக வழி இல்லை.

21. வேகத்தடை

எல்லாம் வந்துவிட்டது அல்லவா, பழைய டிஸ்க்கை இனி என்ன செய்வது? ஏழு முறை அழித்துவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் போட வேண்டும் என்பார்கள்.

22. கம்பிச்சுருள்

கதைகள் யூனிகோடில் சரிபார்த்து முடியும் வரை போடவே வேண்டாம். அதன் பிறகும் இமேஜ் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கட்டும், 80 ஜிபி இன்று ஒரு இடமே இல்லை. ஏழு முறை என்பது பழைய கதை, நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு முழுவதும் ஒரு சுற்று சுழியம் எழுதினாலே போதும். ஆனால் இந்த டிஸ்க்கில் எழுதவே முடியாத இடங்கள் இருக்கின்றன, அங்கே பழைய தரவு தங்கிவிடலாம். அதனால் இதற்கு டிரில்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டுகளைத் துளைக்கும்படி நாலைந்து ஓட்டை.